கடையில் கிடக்கும் பழைய போன்களை வைத்து அப்பாவின் பி.பி., சுகர் பார்க்க முடியுமா?

கேள்வி: அருப்புக்கோட்டையில் சின்னதாக ஒரு செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ரிப்பேர் செலவு கட்டுப்படியாகாது என்று கஸ்டமர்கள் விட்டுவிட்டுப் போன போன்கள் முப்பது நாற்பது கிடக்கின்றன. டிஸ்பிளே உடைந்திருக்கும், பேட்டரி போயிருக்கும், ஆனால் போர்டு நன்றாக இருக்கும். பழைய ஃபிட்னெஸ் பேண்டுகளும் கொஞ்சம் உண்டு. அப்பாவுக்கு 67 வயது. பன்னிரண்டு வருடமாக சுகர், கூடவே பி.பி., போன வருடம் இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தோம். அவரும் அம்மாவும் கிராமத்தில் இருக்கிறார்கள், நான் வாரம் ஒருமுறைதான் போக முடிகிறது. கேமராவில் விரலை வைத்தால் பி.பி., ஆக்ஸிஜன், சுகர் எல்லாம் காட்டும் ஆப்கள் இருக்கின்றன. என் விரலை வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் காட்டுகிறது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு இசிஜி போர்டும் கிடைக்கிறது. இதையெல்லாம் சேர்த்து அப்பாவுக்கு ஒரு செட் செய்து கொடுக்கலாமா? நன்றாக வந்தால் ஊரில் மற்றவர்களுக்கும் குறைந்த விலைக்குக் கொடுக்க ஆசை.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மருத்துவமனைகளில் மானிட்டர், இசிஜி மெஷின், இன்ஃப்யூஷன் பம்ப் மாதிரியான கருவிகளைச் சோதித்துச் சரிசெய்வதுதான் என் வேலை. அதனால் நீங்கள் கேட்டதில் எது நடக்கும், எது நடக்காது, எது ஆபத்து என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தப் போன்களால் உங்கள் அப்பாவுக்கு நிஜமான பயன் உண்டு. ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் வழியில் இல்லை. பி.பி.யையும் சுகரையும் அதற்கென்று செய்த கருவிகள் அளக்கட்டும். அளந்ததைக் குறித்து வைக்க, நேரத்துக்கு ஞாபகப்படுத்த, படம் எடுக்க, உங்களுக்கு அனுப்பப் பழைய போனை வையுங்கள்.

முதலில் "என் விரலை வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் காட்டுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசிவிடலாம், ஏனென்றால் எல்லாச் சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. உங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் 97, 98 சதவீதம் இருக்கும், பி.பி. 120/80 பக்கம் இருக்கும். ஒரு ஆப் எதையுமே அளக்காமல், பெரும்பாலானவர்களுக்கு இருக்கும் எண்ணைத் திரையில் போட்டாலும் உங்களுக்குச் சரியாகத்தான் தெரியும். நல்ல உடம்பில் சோதித்துப் பார்ப்பது சோதனையே இல்லை. ஆக்ஸிஜன் 88-க்கு இறங்கும் ராத்திரியில், பி.பி. 180-க்கு ஏறும் காலையில் அது என்ன காட்டுகிறது என்பதுதான் கேள்வி, அப்பாவுக்குக் கருவி தேவைப்படுவதும் அந்த நேரத்துக்குத்தான்.

இது நடந்த கதைதான். அமெரிக்காவில் 2014-ல் "இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்" என்று ஒரு ஆப் வந்தது. போனை நெஞ்சில் வைத்து, விரலைக் கேமராவில் வைத்தால் பி.பி. சொல்லும் என்று விற்றார்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல் காசு கொடுத்து இறக்கிக்கொண்டார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் அதை முறையான பி.பி. கருவியோடு ஒப்பிட்டு 2016-ல் முடிவை வெளியிட்டார்கள்: உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு அந்த ஆப் நார்மல் என்று காட்டியிருந்தது. அதே வருடம் டிசம்பரில் அந்த நாட்டு வணிக ஆணையம் அந்த நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. நார்மல் என்று நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் அவர்களில் எத்தனை பேரோ, அதை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஸ்டென்ட் வைத்தவர் "இன்னைக்கு நார்மல்தான்" என்று ஒரு மாத்திரையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, கேமராவால் எதுவுமே முடியாதா என்றால், முடியும். நாடித் துடிப்பு எண்ணிக்கையை நன்றாகவே சொல்லும். விரல் நுனியைக் கேமராவில் வைத்து ஃபிளாஷ் எரியும்போது, ஒவ்வொரு துடிப்புக்கும் விரலில் ரத்தம் கூடிக் குறைகிறது, அதற்கேற்ப வெளிச்சமும் துளித்துளியாகக் கூடிக் குறைகிறது. நொடிக்கு முப்பது படம் எடுக்கும் சாதாரணக் கேமராவுக்கு அந்த ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும், எண்ணிக்கை மட்டும்தானே வேண்டும். விரல் சூடாக இருக்க வேண்டும், அசையக் கூடாது, அமுக்கக் கூடாது, பழைய போனில் ஃபிளாஷ் கொதிக்கும் என்பதால் ஒரு நிமிடத்துக்கு மேல் வைக்கவும் கூடாது, அவ்வளவுதான். அப்பா இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் காலையில் எழுந்ததும் நாடி எவ்வளவு என்று குறித்து வைப்பது டாக்டருக்கு உபயோகப்படும். உங்களிடம் உள்ள ஃபிட்னெஸ் பேண்டும் இதே வேலையைத்தான் பச்சை விளக்கை வைத்துச் செய்கிறது. ஓய்வில் இருக்கும்போது நாடி, எத்தனை அடி நடந்தார், எவ்வளவு நேரம் தூங்கினார், இந்த மூன்றுக்கும் பேண்டைத் தாராளமாகக் கொடுங்கள். மற்றபடி அது காட்டும் எண்களைக் கண்டுகொள்ள வேண்டாம்.

ஆக்ஸிஜன் வேறு சமாச்சாரம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் தத்துவத்தை 1970-களின் ஆரம்பத்தில் ஜப்பானில் தகுவோ அவோயாகி என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். ஆக்ஸிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் ஒளியை வெவ்வேறு விதமாக உறிஞ்சும். அதனால் 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு என்று இரண்டு ஒளியை மாற்றி மாற்றி அனுப்பி, இரண்டின் விகிதத்தைப் பார்க்கிறார்கள். அப்புறம் அந்த விகிதம் எந்த சதவீதத்துக்குச் சமம் என்று, ஆரோக்கியமான தன்னார்வலர்களின் ஆக்ஸிஜனை மருத்துவக் கண்காணிப்பில் இறக்கி, ரத்தத்தை எடுத்து ஒப்பிட்டுத்தான் கருவிக்குள் அட்டவணை போடுகிறார்கள். போன் கேமராவை நீங்கள் பிரித்துப் பார்த்திருப்பீர்கள், லென்ஸுக்குப் பின்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்று உட்கார்ந்திருக்கும். ஃபிளாஷோ வெள்ளை எல்இடி. அகச்சிவப்பும் கிடையாது, அட்டவணையும் கிடையாது. அந்த ஆப் எதை வைத்துக் கணக்குப் போடும்?

2014 முதல் 2019 வரை வந்த சில உயர்ரக சாம்சங் போன்களில் பின்பக்கம் ஃபிளாஷுக்குப் பக்கத்தில் தனி சென்சார் ஒன்று சிவப்பாக எரியும், பார்த்திருப்பீர்கள். நோட் 4-ல் ஆரம்பித்து எஸ்10 வரை அதில் ஆக்ஸிஜனும் காட்டும். அதில் இரண்டு ஒளியும் இருப்பதால் மற்ற ஆப்களைவிட மேல். ஆனாலும் அது உடற்பயிற்சிக்கு என்று கொடுத்தது, சிகிச்சைக்கு அல்ல, அடுத்து வந்த மாடல்களில் நிறுவனமே அதை எடுத்துவிட்டது. முறையான ஆக்ஸிமீட்டருக்கே குறைகள் உண்டு. கருப்பு நிறத் தோல் உள்ளவர்களுக்கு உண்மையான ஆக்ஸிஜன் குறைந்திருந்தும் கருவி நல்ல எண்ணைக் காட்டிவிடுவது, வெள்ளைத் தோல் உள்ளவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகம் என்று மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் எழுதினார்கள். அமெரிக்கக் கருப்பின நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வுதான், ஆனாலும் நம் ஊர் நிறத்துக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். ஆக, ஆக்ஸிஜன் பார்க்க வேண்டிய தேவை இருந்தால் விரலில் மாட்டும் கருவியையே வாங்குங்கள். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால் மூச்சு வாங்குவதைத்தான் நம்ப வேண்டும்.

சுகருக்கு இன்னும் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தோலைக் குத்தாமல் சுகர் சொல்லும் வாட்ச், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை, பயன்படுத்தாதீர்கள் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. ஆப்புக்கும் அதேதான். ஒரு தப்பான சுகர் எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டினாலோ இன்சுலின் போட்டாலோ சில மணி நேரத்தில் ஆள் மயங்கி விழுந்துவிடலாம். ஸ்ட்ரிப் போடும் குளுக்கோமீட்டருக்கு மாற்று இல்லை.

இனி அந்த இசிஜி போர்டு. இதயத்தின் மின்துடிப்பைப் பிடிக்கும் ஏடி8232 சிப் போட்டு வரும் சிவப்புப் போர்டைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சிப் நல்ல சிப்தான், கல்லூரி மாணவர்கள் கற்றுக்கொள்ள அருமையானது. ஆனால் அப்பாவின் உடம்பில் ஒட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். காரணம் இரண்டு.

விலை மலிவான சார்ஜரில் போன் சார்ஜ் ஆகும்போது மெட்டல் பாடியைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும் இல்லையா, கடையில் தினம் உணர்ந்திருப்பீர்கள். அது வீட்டு மின் இணைப்பிலிருந்து சார்ஜர் வழியாகக் கசிந்து வரும் மின்சாரம். கைக்குத் தெரிய ஆரம்பிக்கும் அளவே கிட்டத்தட்ட அரை மில்லிஆம்பியர். உடம்பில் ஒட்டும் மருத்துவக் கருவிக்குச் சர்வதேசத் தரம் சாதாரண நிலையில் அனுமதிக்கும் கசிவு 0.1 மில்லிஆம்பியர், இதயத்தை நேரடியாகத் தொடும் கருவிக்கு அதிலும் பத்தில் ஒரு பங்கு. அதாவது நீங்கள் சர்வசாதாரணமாக எடுத்துக்கொள்ளும் அந்த சுர்ர், மருத்துவ வரம்பைப் போல ஐந்து மடங்கு. விரலில் பட்டால் கையை இழுத்துக்கொள்வீர்கள். ஜெல் தடவிய எலக்ட்ரோடை நெஞ்சில் இரண்டு பக்கமும் ஒட்டினால் தோலின் தடையும் போய்விடுகிறது, கையை இழுக்கவும் வழியில்லை. எலக்ட்ரோடு ஒட்டியிருக்கும் ஒரு சர்க்யூட்டை சார்ஜரில் மாட்டிய போனுடனோ லேப்டாப்புடனோ ஒருக்காலும் இணைக்கக் கூடாது. "பேட்டரியில் மட்டும் ஓட்டுகிறேன்" என்பீர்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஓட்டுவீர்கள். சார்ஜ் இறங்கிய ஒரு நாள் அம்மா நல்ல எண்ணத்தோடு சார்ஜரைச் செருகிவிடுவார்.

இரண்டாவது காரணம், அது ஒரே ஒரு கோணத்திலிருந்து இதயத்தைப் பார்க்கிறது. துடிப்பு தாறுமாறாக இருந்தால் தெரியலாம். ஹார்ட் அட்டாக் பார்க்க 12 கோணம் வேண்டும், அதனால்தான் மருத்துவமனையில் கை, கால், நெஞ்சு எல்லாம் ஒட்டுகிறார்கள். நெஞ்சு வலிக்கும்போது உங்கள் போர்டில் கோடு ஒழுங்காக ஓடினால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள், போக வேண்டிய நேரம் போய்விடும். ஸ்டென்ட் வைத்தவருக்கு நெஞ்சு கனத்தாலோ, இடது கையிலோ தாடையிலோ வலி இறங்கினாலோ, காரணமில்லாமல் வேர்த்துக் கொட்டினாலோ எந்த மெஷினையும் தேடக் கூடாது, 108-ஐத்தான் கூப்பிட வேண்டும். சுகர் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் வெறும் மூச்சுத்திணறலாகவும் வரலாம். இதை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வீட்டில் ஒட்டுங்கள்.

இவ்வளவு வேண்டாம் சொன்ன பிறகு, வேண்டும் என்று சொல்ல வேண்டியதுதான் எனக்கு அதிகம் இருக்கிறது.

பழைய போன் மருத்துவத்தில் பெரிய வேலை செய்த இடங்களைப் பார்த்தால் எல்லாம் ஒரு மாதிரிதான் இருக்கிறது. 2008-ல் ஆப்பிரிக்காவின் மலாவியில், நமிடேட்டே என்ற ஊரில் இருக்கும் செயின்ட் கேப்ரியல் மருத்துவமனைக்கு ஜாஷ் நெஸ்பிட் என்ற அமெரிக்க மாணவர் மறுசுழற்சியில் வந்த 100 சாதாரண போன்களையும் ஒரு லேப்டாப்பையும் கொண்டுபோனார். ரொம்ப தூரத்தில் சிதறிக் கிடக்கும் கிராமங்கள், நோயாளியின் நிலையைச் சொல்லச் சுகாதாரத் தன்னார்வலர்கள் மணிக்கணக்காக நடந்துவர வேண்டும். அவர்கள் கையில் போனைக் கொடுத்து, எஸ்எம்எஸ் அனுப்பக் கற்றுக்கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் ஊழியர்களின் 1,200 மணி நேரமும் மோட்டார் சைக்கிள் பெட்ரோல் செலவில் 3,000 டாலரும் மிச்சமானது. அந்தப் போன் எதையுமே அளக்கவில்லை, சேதியைக் கொண்டுபோனது, அவ்வளவே.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமான இன்னொன்று. நியூயார்க் மாநிலத்தில் ஜான் காஸ்டிக் என்ற மென்பொருள் பொறியாளரின் நான்கு வயது மகனுக்கு 2012-ல், உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுபோகும் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. தோலில் ஒட்டும் சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுகர் அளவைச் சின்ன ரிசீவர் ஒன்றுக்கு அனுப்பும், ஆனால் அந்த எண் ரிசீவரில்தான் தெரியும். பையன் மழலையர் பள்ளியில், அப்பா அலுவலகத்தில். அவர் 2013-ல் ரிசீவர் பேசும் மொழியைக் கண்டுபிடித்து, எண்ணை இன்டர்நெட்டுக்கு ஏற்றி, தன் மேஜையில் இருந்தபடி மகனின் சுகரைப் பார்த்தார். மற்ற பெற்றோர்களும் சேர்ந்துகொள்ள அது "நைட்ஸ்கவுட்" என்ற பெயரில் இலவச மென்பொருளாக வளர்ந்தது. ஆரம்ப காலத்தில் ஒரு விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் ரிசீவரோடு கட்டிப் பிள்ளைகளின் பைக்குள் வைத்து அனுப்பினார்கள். இங்கேயும் அளந்தது கம்பெனி சென்சார், போன் செய்தது தபால்காரர் வேலை. ராத்திரி பல தடவை எழுந்து பிள்ளையின் விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாக்கள் அதற்குப் பிறகு தூங்கினார்கள்.

அதே சமயத்தில் சியாட்டிலில் டேனா லூயிஸ் என்ற பெண், தூக்கத்தில் சென்சாரின் அலாரம் காதில் விழவில்லை என்பதற்காக அதைச் சத்தமாக்கப் போய், கடைசியில் வாரண்டி முடிந்த பழைய இன்சுலின் பம்பையும் கைக்கடக்கமான கம்ப்யூட்டர் ஒன்றையும் சேர்த்து, இன்சுலினைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்பைச் செய்தார். 2015-ல் அந்த வடிவமைப்பை உலகத்துக்கே இலவசமாக வெளியிட்டார். அதன் பிறகு பலர் பழைய பம்புகளைத் தேடித்தேடி வாங்கினார்கள். ஆனால் 2019-ல், இப்படி அனுமதியில்லாத கருவிகளைச் சேர்த்துக்கொண்ட ஒருவருக்கு இன்சுலின் அதிகமாகி ஆபத்தானது, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. தெரிந்துகொள்ள அருமையான கதை, உங்கள் அப்பாவிடம் செய்து பார்க்க வேண்டியது அல்ல.

போன் தானே கருவியாகவும் ஆகும் ஒரு இடம் இருக்கிறது, அது படம் எடுப்பது. கேமரா படம் எடுக்கத்தான் செய்யப்பட்டது, அதில் அது கெட்டிக்காரன். சாம்சங் நிறுவனம் தென்கொரியாவின் யோன்செய் பல்கலைக்கழக மருத்துவமனையோடு சேர்ந்து, பழைய கேலக்ஸி போன்களில் ஒரு லென்ஸ் அமைப்பைப் பொருத்தி விழித்திரையைப் படம் எடுக்கும் கருவியாக மாற்றியது. வியட்நாமில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கண் பரிசோதித்த பிறகு 2021-ல் இந்தியா உள்ளிட்ட நாடுகளுக்கும் கொண்டுவருவதாக அறிவித்தது. நம் பக்கத்திலேயே அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் கையில் கிடைக்கும் வேண்டாத பொருட்களையும் ஒரு லென்ஸையும் போனோடு சேர்த்து, யாரும் செய்துகொள்ளக்கூடிய விழித்திரைக் கேமரா ஒன்றை 2019-ல் விளக்கி எழுதினார்கள். சென்னையில் டாக்டர் மோகனின் நீரிழிவு ஆய்வு மையத்தில் போனில் எடுத்த விழித்திரைப் படங்களைக் கணினியே படிக்கும் முறையை 301 நோயாளிகளிடம் சோதித்து 2018-ல் வெளியிட்டபோது, சர்க்கரையால் கண் பாதித்தவர்களில் 95 சதவீதத்துக்கும் மேலானவர்களை அது சரியாகப் பிடித்தது. விழித்திரைப் படத்தை நீங்கள் வீட்டில் எடுக்க வேண்டாம், கண் பாப்பா விரிய மருந்து விட வேண்டும், படத்தைப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். ஆனால் பன்னிரண்டு வருட சுகர் என்கிறீர்கள், கடைசியாக அப்பாவின் விழித்திரையை எப்போது பார்த்தார்கள்? ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் இந்த மாதமே கூட்டிக்கொண்டு போங்கள்.

நீங்கள் வீட்டிலேயே எடுக்க வேண்டிய படம் ஒன்று இருக்கிறது: உள்ளங்கால். ரொம்ப நாள் சுகர் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். முள் குத்தினாலும் செருப்பு கடித்தாலும் தெரியாது. குனிந்து உள்ளங்காலைப் பார்க்கும் வயதும் இல்லை. புண் பெரிதாகி, நாற்றம் வந்த பிறகுதான் தெரியவரும், அதற்குள் விரலையோ காலையோ எடுக்கிற நிலைக்குப் போனவர்களை நான் வேலை பார்த்த வார்டுகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் பழைய போன்களில் கேமரா நன்றாக இருக்கும் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். வாரம் இரண்டு நாள், குளித்து ஈரம் துடைத்த பிறகு, ஜன்னல் பக்கம் ஒரே இடத்தில் உட்காரவைத்து, இரண்டு உள்ளங்கால், விரல் இடுக்கு, குதிகால் எல்லாவற்றையும் அம்மா படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். போன வாரப் படத்தோடு வைத்துப் பாருங்கள். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, நிறம் மாறிய இடம் எது தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம். என்னைக் கேட்டால் உங்கள் கடையில் கிடக்கும் போன்கள் செய்யக்கூடிய ஆக நல்ல வேலை இதுதான், இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

பி.பி.க்கு மேல்கையில் பட்டை சுற்றும் மெஷின் வாங்குங்கள், மணிக்கட்டு மெஷின் வேண்டாம். இரண்டாயிரம் ரூபாய் பக்கம் ஆகும். வாங்கும்போது அந்த மாடல் முறையாகச் சரிபார்க்கப்பட்டதா என்று ஸ்ட்ரைட் பிபி என்ற மருத்துவர்கள் அமைப்பின் இணையப் பட்டியலில் பாருங்கள், பட்டை அப்பாவின் கை சுற்றளவுக்குச் சரியா என்றும் பாருங்கள், சின்னப் பட்டை போட்டால் பி.பி. கூடுதலாகக் காட்டும். காலையில் மாத்திரைக்கு முன்னால், சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால், முதுகு சாய்ந்து கால் தரையில் பட உட்கார்ந்து ஐந்து நிமிடம் சும்மா இருந்த பிறகு, பேசாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. சாயங்காலமும் அப்படியே. வீட்டில் எடுக்கும்போது சராசரி 135/85-ஐத் தாண்டினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இங்கேதான் பழைய போன் வருகிறது. சாப்பிடும் இடத்துக்கு எதிரே சுவரில் ஒரு ஸ்டாண்டில் மாட்டுங்கள். டிஸ்பிளே கொஞ்சம் கீறியிருந்தாலும் பரவாயில்லை, எழுத்தைப் பெரிதாக்கிவிடுங்கள், மற்ற ஐகான்களை எல்லாம் மறைத்துவிடுங்கள். மாத்திரை நேரத்துக்கு அலாரம் வையுங்கள், அதில் உங்கள் குரலையே பதிவு செய்து வைத்தால் இன்னும் நல்லது, "அப்பா, பி.பி. மாத்திரை" என்று மகன் சொன்னால் தட்ட மனசு வராது. மெஷினில் எண் வந்ததும் அப்பா எதையும் டைப் செய்ய வேண்டாம், மெஷின் திரையைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால் போதும். தேதியும் நேரமும் தானாக விழும், எண்ணை மாற்றிச் சொல்லவும் வழியில்லை. குளுக்கோமீட்டருக்கும் அதே மாதிரி. காலை எட்டரைக்குள் போட்டோ வரவில்லை என்றால் நீங்கள் போன் செய்ய வேண்டும், பக்கத்து வீட்டில் ஒருவரிடமும் சொல்லி வைக்க வேண்டும். போட்டோ வராததும் ஒரு சேதிதான். ஆண்ட்ராய்டு 4 காலத்துப் போன்களில் வாட்ஸ்ஆப் ஓடாது, அவற்றை அலாரத்துக்கு மட்டும் வையுங்கள்.

பேட்டரி விஷயத்தில் உங்களுக்குப் பாடம் எடுக்க மாட்டேன், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுவரில் மாட்டும் போனை நாள் முழுக்க சார்ஜரிலேயே விட்டால் பழைய பேட்டரி உப்பிவிடும். புது பேட்டரி போடுங்கள், 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி போனில் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் நாளுக்கு ஒருமுறை மட்டும் சார்ஜ் ஏற டைமர் பிளக் மாட்டுங்கள். கட்டில், திரைச்சீலை பக்கத்தில் வைக்க வேண்டாம். கொஞ்சம் உப்பிய பேட்டரியையும் "இன்னும் ஓடுதே" என்று போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், அது யாருடைய போன்? கஸ்டமர் விட்டுவிட்டுப் போனாலும் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள், அவர்கள் சம்மதத்தோடு முழுதாக அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைப் போட்டுத் திருட்டுப் போன் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போன்களில் அப்பாவின் பேங்க் கணக்கு, யுபிஐ எதையும் ஏற்றாதீர்கள். விரலை வைக்கச் சொல்லும் ஊர்பேர் தெரியாத ஹெல்த் ஆப்களும் வேண்டாம், கொரோனா நேரத்தில் போலி ஆக்ஸிமீட்டர் ஆப்களைப் பற்றிப் போலீஸே எச்சரித்தது ஞாபகம் இருக்கும்.

ஊராருக்குக் கொடுப்பது பற்றி. பி.பி. பார்க்கும், இசிஜி எடுக்கும் என்று சொல்லி ஒரு கருவியையோ ஆப்பையோ செய்து விற்கவோ விநியோகிக்கவோ மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-ன் கீழ் உரிமம் வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் மென்பொருளும் அதற்குள் வந்துவிட்டது. அந்த வழியில் போகாதீர்கள், விலை குறைவாக வைத்தாலும் சரி. ஆனால் அலாரம், பெரிய எழுத்து, குடும்பக் குழு, கால் படம் எல்லாம் செட் செய்த ஒரு பழைய போனைப் பெரியவர்களுக்குக் கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. உங்கள் ஊரில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பி.பி., சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் பெண் தன்னார்வலர் இருப்பார். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்ததிலிருந்து எத்தனையோ வீடுகளில் அவர்கள்தான் முதல் ஆள். அவரிடம் பேசுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் யார், யாருக்கு மாத்திரை மறக்கிறது, யாருடைய பிள்ளைகள் வெளியூரில் என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லும் இரண்டு மூன்று வீட்டில் ஆரம்பியுங்கள். போன் கெட்டுப்போனால் சரிசெய்ய நீங்களே பக்கத்தில் இருக்கிறீர்கள். இந்த மாதிரி திட்டங்கள் பெரும்பாலும் நின்றுபோவது கருவியைக் கொடுத்தவர் திரும்பி வராததால்தான், அந்தக் குறை உங்களிடம் இருக்காது.

உயிரில்லாத போர்டுகளையும் உப்பிய பேட்டரிகளையும் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள், எங்காவது திறந்தவெளியில் வைத்துக் கொளுத்துவார்கள், அந்தப் புகை சின்னப் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் பதிவு செய்த மின்கழிவு நிறுவனங்கள் இருக்கின்றன, பக்கத்துக் கடைக்காரர்களுடன் சேர்ந்து மொத்தமாகக் கொடுத்தால் வந்து எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

முதலில் அப்பாவுக்கு மட்டும் செய்யுங்கள். பி.பி. மெஷின், குளுக்கோமீட்டர், சுவரில் ஒரு போன், கையில் ஒரு பேண்ட். ஒரு மாதம் ஓடட்டும். அடுத்த முறை இதய டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த மாதத்து எண்களை ஒரு தாளில் தேதிவாரியாக எழுதி, சாப்பிடாமல் விட்ட மாத்திரைகளையும் மறைக்காமல் குறித்து, மெஷினையும் கையோடு எடுத்துப் போங்கள். அவர் பார்க்கும் பி.பி.யும் உங்கள் மெஷின் காட்டுவதும் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள்.